ஆண்டுதோறும் விதைத்தவர்: செராம்பூர் தோட்டமும் வில்லியம் கேரியின் ஊழியமும்

இங்கிலாந்திலிருந்து வந்த விதைப்பை ஒன்றைப் பிரித்து, விதைகளை எல்லாம் எடுத்து வைத்தபின், வெறும் பையை நிழலான ஓரிடத்து மண்மேல் உதறினார், வங்காளத்துச் செராம்பூரில் இருந்த ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி. பையின் மூலையில் ஒட்டியிருந்த தூசுகூட வீணாகக் கூடாது என்ற தோட்டக்காரச் சிக்கனம். சில நாள் கழித்து அங்கே ஏதோ முளைத்திருந்தது. பார்த்தால் டெய்சி. அவர் பிறந்த ஊரில் புல் முளைக்கும் இடமெல்லாம் முளைத்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போகும் பூ. அதைக் கண்டு முப்பது ஆண்டு ஆகிறது, இனிக் காண்போம் என்று நினைக்கவே இல்லை, ஐரோப்பாவை விட்டு வந்தபின் இதைப் போன்ற எளிய மகிழ்ச்சி எதையும் அடைந்ததில்லை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்து ஜேம்ஸ் மான்ட்கோமரி ஒரு கவிதையும் பாடிவிட்டார்.

அந்தச் செடியின் தாவரவியல் பெயர் பெல்லிஸ் பெரென்னிஸ். இரண்டாவது சொல்லுக்குப் 'பல்லாண்டு வாழ்வது' என்று பொருள். வங்காளத்தில் அது பல்லாண்டு வாழவில்லை. குளிர்காலத்தில் பூத்ததோடு சரி. அடுத்து வரும் பருவங்களை அதனால் தாங்க முடியவில்லை. கேரி விதையெடுத்து வைத்து, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விதைத்து அந்த இனத்தைக் காப்பாற்றினார். கவிதை எழுதியவர் பூவைப் பார்த்தார். நான் பார்ப்பது இந்த விதையெடுக்கும் வேலையை. தன் நாட்டில் தானாகத் தழைக்கும் ஒன்று, வேறு மண்ணில் ஆண்டுதோறும் மறுபடி விதைக்கப்பட்டால்தான் இருக்கும். கேரி வங்காளத்தில் கழித்த நாற்பது ஆண்டுகளில் எது நிலைத்தது, எது பட்டுப்போனது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

வெயில் ஆகாத தோட்டக்காரர்

1761இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தவர் கேரி. தந்தை நெசவாளர், பின்னர் ஊர்ப் பள்ளி ஆசிரியர். செடி கொடிகளின் மேல் பித்துப் பிடிக்கக் காரணமாக இருந்தவர் சித்தப்பா பீட்டர். கனடாவில் போர்வீரராக இருந்து திரும்பித் தோட்ட வேலை செய்தவர். சிறுவனும் அந்த வேலைக்கே போயிருப்பான். ஆனால் வெயில் பட்டால் கையும் முகமும் எரியும் தோல்நோய் இருந்தது. வயல்வேலை முடியாது என்று ஆனபின்தான், பதினான்கு வயதில் செருப்புத் தைக்கும் தொழில் கற்க அனுப்பினார்கள். வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் உட்கார்ந்த பையன் பின்னாளில் வங்காள வெயிலில் பாத்தி கட்டினான் என்பதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

செருப்புத் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்றார், பாப்டிஸ்ட் போதகரானார். 1792 அக்டோபரில் கெட்டரிங்கில் சிலர் கூடி மிஷனெரிச் சங்கம் ஒன்றைத் தொடங்கியபோது சேர்ந்த தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அடுத்த ஆண்டு ஜூனில் டேனிஷ் கப்பல் ஒன்றில் ஏறி, நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். உடன் வந்தவர்கள் மனைவி டோரத்தி, அவருடைய தங்கை, நான்கு பிள்ளைகள், முன்பே வங்காளம் கண்டிருந்த மருத்துவர் ஜான் தாமஸ்.

ஏழு ஆண்டுகள்

ஊழியக் கணக்கில் முதல் ஏழு ஆண்டு வெறும் பூஜ்யம். இதை மழுப்பாமல் சொல்லவேண்டும், ஏனென்றால் பின்னால் எழுதப்பட்ட புகழுரைகள் இந்த ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

வந்த பணம் விரைவில் கரைந்தது. சுந்தரவனக் காட்டோரத்தில் சில மாதம் குடியிருந்தார்கள். 1794இல் மால்டா பகுதியில் மட்னாபதி என்ற இடத்தில் அவுரித் தொழிற்சாலை மேலாளர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டோரத்தியின் மனம் அத்துடன் பிறழ்ந்தது. 1807இல் அவர் இறக்கும்வரை தெளியவில்லை. அடுத்த அறையில் மனைவி கூச்சலிட, இந்த அறையில் கணவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பக்திமான்கள் வியந்து எழுதுவார்கள். எனக்கு அது வியப்புக்குரியதாகத் தோன்றவில்லை. முதலில் வர மறுத்து, பிறகு வற்புறுத்தலுக்கு இணங்கிக் கைக்குழந்தையோடு கப்பலேறிய பெண் அவர். கேரியின் பொறுமையைப் பற்றிப் பேசும் எவரும் அதற்கான விலையின் பெரும்பங்கைக் கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அந்த நாள்களில் சங்கத்துக்கு அவர் அனுப்பிய வேண்டுகோள்களில் ஒன்று சுவையானது. அரிவாள், கலப்பை உறுப்புகள் போன்ற உழவுக் கருவிகளையும், ஆண்டுதோறும் காய்கறி, பூ விதைகளையும், பழமரக் கன்றுகளையும் அனுப்பும்படி கேட்டிருந்தார். ஒருவரைக்கூட ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவராத மிஷனெரி விதை கேட்டு எழுதுகிறார். இங்கிலாந்தில் சிலர் முகம் சுளித்திருப்பார்கள். சங்கப் பணிக்கும் அவுரிக்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்ற சந்தேகம் அங்கே இருந்துகொண்டே இருந்தது.

ஆனால் மட்னாபதியில் வேறு எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. வங்காளியில் பேசவும் எழுதவும் கற்றார், சமஸ்கிருதம் தொடங்கினார், புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை ஏறக்குறைய முடித்தார். அவுரித் தொழிலாளர் நடுவே புழங்கியதால் உழவரின் பேச்சு காதில் ஏறியது. அந்தப் பகுதி வேளாண்மை பற்றிப் பின்னாளில் ஆசியச் சங்க வெளியீட்டில் அவர் எழுதிய விரிவான கட்டுரையின் விதை இங்கேதான் விழுந்தது. 1798இல் மரத்தாலான அச்சு இயந்திரம் ஒன்று வந்து சேர, வெள்ளைக்காரர் வணங்கும் சாமி இதுதான் என்று ஊரார் பேசிக்கொண்டார்களாம். முற்றிலும் தவறு என்று சொல்லமுடியாது.

நம்பிக்கை ஊட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. முன்ஷி ராம் ராம் பாசு, கிறிஸ்துவைப் பற்றிப் பாட்டெழுதித் தந்தார், கேரிக்கு மொழியும் கற்பித்தார். ஆனால் கடைசிவரை மதம் மாறவே இல்லை. 1800இல் பக்கிரா என்பவர் விசுவாசிக்கிறேன் என்று வந்தார், பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனார், அவ்வளவுதான்.

ஹூக்ளிக் கரையில் ஒருவர்

உரிமமில்லாத மிஷனெரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் விரும்பவில்லை. 1813இன் பட்டயச் சட்டம் வரும்வரை நிலைமை அதுதான். ஆகவே புதிதாக வந்த ஜோசுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் கல்கத்தாவுக்கு வடக்கே, டேனிஷ் கொடி பறந்த செராம்பூரில் இறங்கினார்கள். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார். அங்கிருந்த ஆளுநர் ஓலே பீ தரங்கம்பாடியில் இருந்தபோது மிஷனெரி சுவார்ட்சின் பிரசங்கம் கேட்டவர் என்பதால் மிஷனெரிகளிடம் அன்பு காட்டினார். தமிழ்நாட்டில் விழுந்த விதை ஒன்று வங்காளத்தில் நிழல் கொடுத்திருக்கிறது.

அந்த ஆண்டு நவம்பரில் கிருஷ்ண பால் என்ற தச்சருக்குத் தோள் மூட்டு விலகியது. ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார். பேச்சு தொடர்ந்தது. டிசம்பரில் கிருஷ்ண பால் மிஷனெரிகளோடு அமர்ந்து உண்டார். சாதிக் கட்டு உடைந்தது என்று கூட்டம் திரண்டு அவரை நீதிபதியிடம் இழுத்துப்போனது. டேனிஷ் நிர்வாகம் அவரைக் காத்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக இருந்தவர்கள் நால்வர். டிசம்பர் 28 அன்று ஹூக்ளியில் இறங்கியவர் ஒருவர். மற்ற மூவரும் அஞ்சிப் பின்வாங்கினார்கள். அவரோடு கேரியின் மூத்த மகன் பீலிக்சும் ஞானஸ்நானம் பெற்றார். இத்தனை ஆண்டு காத்திருந்த ஜான் தாமஸ் மகிழ்ச்சியிலேயே புத்தி பேதலித்து, அடைத்து வைக்கப்பட்டிருந்தார். கரையில் பாட்டு; ஓர் அறையில் தாமசின் கூச்சல், இன்னோர் அறையில் டோரத்தியின் கூச்சல். அறுவடைநாள் என்று நாம் கற்பனை செய்யும் காட்சி இப்படித்தான் இருந்தது.

கிருஷ்ண பால் அதோடு நின்றவர் அல்லர். இருபதாண்டுக்கும் மேல் பிரசங்கித்தார், வங்காளியில் பாடல் இயற்றினார், 1813இல் வடகிழக்கே காசி (Khasi) மலைகளின் அடிவாரம்வரை போனார். முதல் ஏழாண்டின் பயன் ஒரே ஆள் என்று கணக்கிடுவது, மாமரத்தில் முதல் ஆண்டு ஒரு காய் காய்த்தது என்று எழுதி ஏட்டை மூடுவது போன்றது.

ஐந்து ஏக்கர்

செராம்பூரில் கேரியின் தோட்டம் சுமார் ஐந்து ஏக்கர். செடிகள் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசின் வகைப்பாட்டு முறைப்படி நடப்பட்டிருந்தன. ஒவ்வொரு மரமும் எங்கிருந்து வந்தது, எப்போது நட்டது என்பது அவருக்குத் தெரியும். பர்மாவுக்குப் போன பீலிக்சிடமும், அம்போய்னாத் தீவுக்குப் போன இன்னொரு மகன் யாபேசிடமும் செடி கேட்டு எழுதினார். எப்படிக் கட்டி அனுப்பவேண்டும் என்ற விவரமும் கூடவே போகும். தந்தையின் கடிதத்தில் ஆசீர்வாதமும் கிழங்கு கட்டும் முறையும் ஒரே தாளில் இருப்பதைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

அவருடைய நாளும் தோட்டத்தில்தான் தொடங்கும். தனியே ஜெபிப்பதற்கென்று கொடிப்பந்தல் ஒன்று அங்கே இருந்தது. அதன்பிறகு மொழிபெயர்ப்பு, அச்சுப்படி திருத்தம், பண்டிதர்களோடு வேலை. 1801 முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கற்பித்ததற்குக் கிடைத்த சம்பளத்தில் பெரும்பங்கு மிஷனின் பொதுப் பணப்பெட்டிக்குப் போனது. சொந்தச் செலவில் அவர் வைத்துக்கொண்ட ஒரே ஆடம்பரம் செடி என்று சொல்லலாம்.

ஹூக்ளியின் அதே கரையில், கீழே தெற்கில், கம்பெனியின் தாவரவியல் தோட்டம். அதன் கண்காணிப்பாளர் வில்லியம் ராக்ஸ்பரோ நெருங்கிய நண்பர். அவர் ஒரு மரப் பேரினத்துக்குக் கேரியின் பெயரை வைத்தார்: கேரியா. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த கேரியா ஆர்போரியா தமிழ்நாட்டு மலையடிவாரக் காடுகளிலும் உண்டு, தமிழில் ஆயிமா. பட்டை தடித்திருப்பதால் காட்டுத்தீயைத் தாக்குப்பிடிக்கும். ராக்ஸ்பரோ உடல்நலம் குன்றி 1813இல் இந்தியாவை விட்டுப் போனார், 1815இல் இறந்தார். அவருடைய வாழ்நாள் உழைப்பு கையெழுத்துப் படியாகக் கிடந்தது. அவர் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை 1814இல் செராம்பூர் மிஷன் அச்சகத்தில் அச்சிட்டுக் கொடுத்தார் கேரி. 'புளோரா இண்டிகா' என்ற பெருநூலின் முதல் தொகுதி 1820இலும் இரண்டாவது 1824இலும் வந்தன. முழு நூலும் மூன்று தொகுதிகளாக வெளிவர 1832 ஆயிற்று. இறந்துபோன நண்பரின் கையெழுத்தைப் பதினேழு ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டு அச்சேற்றியது தனக்குப் பெயர் வாங்கித் தரும் வேலை அல்ல.

இந்த இரட்டைத் தொழில் கேரிக்கு மட்டும் உரியதும் அல்ல. தரங்கம்பாடிக்கு 1768இல் மிஷன் மருத்துவராக வந்த கோனிக், லின்னேயசின் மாணவர். 1776இல் அங்கே வந்த ராட்லர், ஒருபக்கம் தமிழ் அகராதி தொகுத்தார், மறுபக்கம் செடிகளை உலர்த்திப் பெயரெழுதி வைத்தார். அகராதி தொகுப்பவருக்கும் தாவரம் தொகுப்பவருக்கும் ஒரே வேலைதான்: கண்டதை எடு, பெயர் கேள், காயவை, அடுக்கு.

நெருப்பும் நீரும்

1812 மார்ச் 11 மாலை அச்சகத்தில் தீப்பிடித்தது. கேரி கல்கத்தாவில் இருந்தார்; மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் சொன்னார். காகிதக் கிடங்கும், பல மொழிகளின் அச்செழுத்துகளும் போயின. அவற்றில் தமிழ் எழுத்தும் ஒன்று. கேரி பல ஆண்டாகத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படி, இலக்கணங்கள், ராமாயண மொழிபெயர்ப்பின் பகுதி எல்லாம் சாம்பல். கடைசி இரண்டும் திரும்ப எழுதமுடியும். அந்த அகராதி அதே உருவில் திரும்பி வரவே இல்லை.

தப்பியவை அச்சு இயந்திரங்களும், சாம்பலுக்கு அடியில் கிடந்த, எழுத்து வார்க்க உதவும் எஃகு அச்சுளிகளும். பஞ்சானன் கர்மகாரும் அவருடைய மருமகன் மனோகரும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய உளிகள் அவை. உருகிக் கிடந்த ஈயத்தை அள்ளி, முறை மாற்றி இரவுபகலாக எழுத்து வார்த்தார்கள். செய்தி பிரிட்டனை அடைந்ததும் சுமார் 10,000 பவுண்டு திரண்டது. நடந்த வழியில் இரண்டாம் முறை நடப்பது எளிது, அடியும் உறுதியாக விழும் என்ற பொருள்பட எழுதினார் கேரி. ஆறுதலுக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது தோட்டக்காரர் பேச்சு. பட்டுப்போன பாத்தியை இரண்டாம் முறை கொத்துபவருக்கு எந்த இடத்தில் கல் இருக்கிறது என்று தெரியும்.

1821க்கும் 1823க்கும் இடைப்பட்ட காலம் இன்னும் கொடியது. இரண்டாம் மனைவி சார்லட் 1821இல் இறந்தார். 1822இல் கிருஷ்ண பாலும் பீலிக்சும் போனார்கள். ஹூக்ளியில் ஒரே நாளில் இறங்கிய இருவரும் ஒரே ஆண்டில். 1823 மார்ச்சில் வார்டு காலராவுக்கு இரையானார். அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து திரும்பிப் படகிலிருந்து இறங்கும்போது கேரி விழுந்து இடுப்பில் அடிபட்டது, காய்ச்சல் கண்டு சாவின் விளிம்புவரை போனார், மாதக்கணக்கில் ஊன்றுகோல். அவர் படுத்திருந்தபோதே தாமோதர் வெள்ளம் கரையை உடைத்துச் செராம்பூருக்குள் புகுந்தது. தோட்டம் நீருக்கடியில் போயிற்று.

அறுபத்திரண்டு வயது, காலை ஊன்ற முடியாது, இருபத்துமூன்று ஆண்டுத் தோட்டம் சேற்றில். எழுந்ததும் மறுபடி நட்டார். லண்டனில் இயற்கையியல் அறிஞர்கள் கூடிய லின்னேயன் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்ததும் அந்த 1823இல்தான். சிறப்பு வந்தபோது காட்டுவதற்குத் தோட்டம் இல்லை.

எது பட்டுப்போனது

செராம்பூரின் கணக்கில் பொதுவாக முதலில் சொல்லப்படுவது மொழிகளின் எண்ணிக்கை. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வேதாகமத்தின் முழுமையோ பகுதியோ அச்சாயின. இந்த எண்ணிக்கையைக் கண்டு நான் மயங்கவில்லை. அவற்றில் பல, அந்த மொழி பேசப்படும் ஊரையே காணாமல், கிடைத்த பண்டிதரை வைத்து, சமஸ்கிருதத்தின் துணையால் வேகமாகச் செய்யப்பட்டவை. உள்ளூர் மக்களுக்குப் புரியாமலோ பயன்படாமலோ போனவை அவற்றில் உண்டு. பின்வந்தவர்கள் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. ஒரு முறை வீசி எறிந்த விதை.

வங்காளி மொழிபெயர்ப்பு வேறு கதை. 1801இல் வந்த முதற்பதிப்புப் புதிய ஏற்பாடு கரடுமுரடானது. கேரிக்கே அது தெரியும். திருத்தினார், மறுபடி திருத்தினார். 1832இல் எட்டாம் பதிப்பு. முப்பது ஆண்டு ஒரே பாத்தியில் களையெடுத்த வேலை இது. அதே மனிதர், அதே அச்சகம், அதே பக்தி. ஒன்றில் திரும்பத் திரும்ப வந்தார், மற்றவற்றில் வரமுடியவில்லை. விளைவின் வேறுபாட்டுக்கு இதைத் தவிரக் காரணம் தேடத் தேவையில்லை.

1820இல் அவர் முன்முயற்சியால் கல்கத்தாவில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் அலிப்பூரில் இயங்குகிறது. இந்தியரும் உறுப்பினராகலாம் என்பதைத் தொடக்க அறிக்கையிலேயே வலியுறுத்தியிருந்தார். 1818இல் நிறுவிய செராம்பூர்க் கல்லூரியும் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றோர் தொகையோ, வங்காளத்தின் மக்கள்தொகைக்கு முன்னால் வைத்தால் சொற்பம். ஊழியத்தைத் தலை எண்ணி அளப்பவருக்கு இந்த நிகழ்வு ஏமாற்றமாகவே இருக்கும்.

தன்னைப் பற்றி யாராவது எழுதினால் ஒன்றைச் சொல்லட்டும் என்று தம்பி மகன் யூஸ்டசிடம் கேரி சொல்லியிருக்கிறார்: தன்னால் இடைவிடாமல் தடம்பதித்து நடக்க முடியும், எல்லாமே அதனால் வந்ததுதான். மேதை என்ற சொல்லை அவர் தொடவில்லை. பணிவு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியான தொழில்முறைக் குறிப்பாகவே படுகிறது.

கடைசி ஆண்டில் நடக்க முடியாமல் போனபோது, சக்கரம் வைத்த பலகைமேல் நாற்காலியைப் பொருத்தி அவரைத் தோட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவும் முடியாதபோது தலைமைத் தோட்டக்காரர் ஒவ்வொரு நாளும் அறைக்கு வந்து, எந்தச் செடி எப்படி இருக்கிறது என்று சொல்லிப் போனார். ஒருநாள் முகம் வாடியிருந்த கேரியிடம் என்ன கவலை என்று கேட்டதற்கு, தான் போனபின் சகோதரர் மார்ஷ்மன் மாடுகளைத் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடுவார் என்றாராம். செடியில் தங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கு இல்லைதான், ஆனாலும் தோட்டத்தைக் காப்பதைப் புனிதக் கடமையாக எண்ணுவேன் என்று மார்ஷ்மன் வாக்குக் கொடுத்தார்.

1834 ஜூன் 9 அன்று கேரி இறந்தார். மார்ஷ்மன் 1837இல் போனார். டேனியர்கள் 1845இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். தோட்டம் இருந்த நிலத்தில் பின்னாளில் சணல் ஆலை வந்தது.